நிழல்பாவைத் திரையில் மலாய்ப் பேய்க்கதைகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மலேசியாவின் கிளந்தான் மாநிலத்தில் ஆடப்படும் தோல்பாவை நிழற்கூத்துக்கு வாயாங் கூலிட் என்று பெயர். அந்தத் திரையில் பொந்தியானாக், பெனங்காலான் போன்ற மலாய் நாட்டார் பேய்களின் கதையைச் சொல்ல முனையும் சிறு குழுக்கள், பள்ளி நாடக மன்றங்கள், தனிக் கலைஞர்கள் ஆகியோருக்காக இந்தப் பக்கம்.

கிளந்தான் வாயாங் கூலிட்டில் பேய்க்கதை மரபாகவே இருக்கிறதா, புதிதாகச் சேர்ப்பதா?

அடிப்படைக் கதை இராமகதை. செரி ராமா, சித்தி டேவி, லக்ஸ்மானா, ஹனுமான், மகாராஜா வானா எனப்படும் இராவணன் ஆகியோர்தான் மாந்தர்கள். இந்த மூலக்கதைக்குப் பெயர் ‘செரித்தா போக்கோ’, அதாவது அடிமரக் கதை. அதிலிருந்து டாலாங், அதாவது பாவையாட்டி, தானே கிளைத்துச் சொல்லும் கதைகள் ‘செரித்தா ராந்திங்’, கிளைக்கதை. அரக்கர், பூதம், உருமாறும் இளவரசன், காட்டு ஆவி எல்லாம் கிளைக்கதைகளில்தான் தாராளமாக உலவும். ஆகவே பேய்க்கதைக்கு வாசல் ஏற்கெனவே திறந்தே இருக்கிறது. ஒன்றை மட்டும் கவனியுங்கள். பொந்தியானாக் போன்ற கிராமத்துப் பேய்கள் வாய்மொழிக் கதைக்கும் நம்பிக்கைக்கும் உரியவை. அவற்றுக்கு மரபில் நிலைத்த பாவை வடிவம் கிடையாது, நீங்களேதான் வரைந்து வெட்ட வேண்டும்.

எந்தப் பேயை எடுப்பது?

பயம் காட்டும் பேயைத் தேடாதீர்கள். தெளிவான ஒரு விதி உள்ள பேயை எடுங்கள். மலாய்ப் பேய்கள் ஒவ்வொன்றுக்கும் அது எப்படிப் பிறந்தது, எதற்கு அஞ்சும், எதனால் கட்டுப்படும் என்று ஒரு சட்டம் உண்டு. நிழல்திரையில் முகபாவம் கிடையாது. கதையைச் சுமப்பது அந்தச் சட்டம்தான்.

பெனங்காலான்: பெண்ணின் தலை உடலிலிருந்து கழன்று, குடல் தொங்கப் பறக்கும். பிரசவம் நடக்கும் வீட்டைத் தேடி வரும். முள்ளில் குடல் சிக்கிவிடும் என்று அஞ்சும். திரும்பி வந்ததும் உப்பிய குடலைக் காடியில், அதாவது வினிகரில், ஊறவைத்துச் சுருக்கித்தான் உடலுக்குள் நுழையும். முதல் முறை ஆடுபவர்களுக்கு இதைவிட நல்ல கதை இல்லை.

ஹந்து பெம்புரு, வேட்டைக்காரப் பேய்: சூல்கொண்ட மனைவி ஒரு குறிப்பிட்ட வகைச் சருகுமான் இறைச்சிக்கு ஆசைப்படுகிறாள். கணவன் அவள் சொன்னதைத் தவறாகக் காதில் வாங்கிக்கொண்டு கிளம்புகிறான். காடெல்லாம் தேடியும் கிடைக்கவில்லை. பிறகு வானத்தில் தேடுகிறான். அண்ணாந்து பார்த்துப் பார்த்துக் கழுத்து அப்படியே நின்றுவிடுகிறது, தொண்டையில் விழுந்த இலை வேர்விட்டுவிடுகிறது. அவனைப் பார்க்காமலே பிறந்த மகன் வளர்ந்து அப்பனைத் தேடிப் போகிறான். பயத்தைவிடத் துயரம் மிகுந்த கதை. பெரியவர்களுக்கு ஆடுங்கள்.

போலோங், பெலெசிட்: குப்பியில் அடைத்து, விரல் இரத்தம் கொடுத்து வளர்க்கும் ஏவல்பேய் போலோங். அதற்கு முன்னோடியாகப் போகும் வெட்டுக்கிளி பெலெசிட். ஏவல், பொறாமை, குடும்பப் பகை பற்றிய கதைக்கு ஏற்றது. ஆனால் இரண்டும் மிகச் சிறிய உருவங்கள், திரையில் எடுபட வைப்பது கடினம்.

தொயோல்: காசு திருடும் குழந்தைப் பேய். பயற்றையோ கோலிக்குண்டையோ இறைத்துவிட்டால் அதையே பொறுக்கிக்கொண்டு வந்த வேலையை மறந்துவிடும். சிறுவர் காட்சிக்கு இது போதும்.

பொந்தியானாக்கும் லாங்சுயிரும் ஒன்றா? தமிழில் ‘மோகினி’ என்று சொல்லிவிடலாமா?

இரண்டும் இன்று கலந்துபோய்விட்டன. 1900-இல் வெளியான வால்டர் ஸ்கீட் என்ற ஆங்கிலேய மானிடவியலாளரின் பதிவுகளில் லாங்சுயிர் என்பது பிரசவத்தோடு இறந்த தாய். பொந்தியானாக் என்பது இறந்தே பிறந்த அவள் குழந்தை. லாங்சுயிருக்குப் பச்சை உடை, கணுக்கால் வரை கூந்தல், பிடரியில் ஒரு துளை. கூந்தலையும் நகத்தையும் வெட்டி அந்தத் துளையில் அடைத்தால் அவள் சாதாரணப் பெண்ணாகிக் குடும்பமே நடத்துவாள். ஊர்க்கொண்டாட்டத்தில் ஆடவிட்டால் பழைய உருவம் திரும்பிப் பறந்துவிடுவாள். இன்று பரவலாக அறியப்படும் வெள்ளை உடைப் பெண்பேய், பிடரியில் அறையும் ஆணி, ஈழத்தலரி எனப்படும் கெம்போஜாப் பூவின் மணம் எல்லாம் பொந்தியானாக் என்ற ஒரே பெயருக்குள் சேர்ந்துவிட்டன. 1950-களின் சிங்கப்பூர்த் திரைப்படங்களுக்கு இதில் பெரும் பங்கு உண்டு.

மோகினி என்று மாற்றாதீர்கள். மோகினியின் கதை ஆணை மயக்குவதில் தொடங்குகிறது. லாங்சுயிரின் கதை பிரசவ அறையில் நிகழ்ந்த ஒரு சாவில் தொடங்குகிறது. பெயரை மாற்றினால் பார்வையாளர் அந்தச் சாவைக் கவனிக்கவே மாட்டார்கள். பெயரை அப்படியே சொல்லி, ‘பிள்ளைப்பேற்றில் செத்தவள்’ என்று ஒரு வரி சேர்த்தால் போதும்.

இந்த நம்பிக்கைகளை மலாயில் எழுதிவைத்தவர்களில் முன்ஷி அப்துல்லா முக்கியமானவர். 1849-இல் அச்சான தன் வாழ்க்கை வரலாற்றில் பெனங்காலான், போலோங் பற்றியெல்லாம் விவரிக்கிறார். அவருடைய முன்னோர் யேமனிலிருந்து நாகூர் வந்து, தமிழ்க் குடும்பத்தில் பெண்ணெடுத்து, பிறகு மலாக்கா போனவர்கள். நம் வாசகர்கள் இந்தப் பதிவுகளுக்குள் நுழைய அவர் நல்ல வழி.

திரைக்கும் விளக்குக்கும் என்ன அளவு?

சிறு குழுவுக்கு 3 மீட்டர் நீளம், 1.5 மீட்டர் உயரம் போதும். திரைக்குக் கிளந்தானில் ‘கெலிர்’ என்று பெயர். வெள்ளை லாங்கிளாத் துணி நன்றாக இருக்கும். நடுவில் தையல் வரக்கூடாது, தையல் கோடு பேயின் முகத்தில் விழும். நான்கு பக்கமும் இழுத்துக் கட்டுங்கள். கீழ்ப்பக்கம் தொய்ந்தால் பாவை தொடும்போதெல்லாம் திரை முழுதும் அலையடிக்கும். திரையின் மேல்விளிம்பு பார்வையாளர் பக்கம் கொஞ்சம் சாய்ந்திருந்தால் பாவை தன் எடையிலேயே துணியில் படிந்து நிற்கும்.

விளக்கைத் திரையிலிருந்து 60 செ.மீ. தள்ளி, ஆட்டுபவரின் தலைக்குச் சற்று மேலே தொங்கவிடுங்கள். முன்பு எண்ணெய் விளக்கு, இப்போது மின்விளக்கு. பேய்க்கதைக்கு விளக்கு தேர்வதில்தான் பலரும் தவறுகிறார்கள். அதற்குத் தனியாகப் பதில் சொல்ல வேண்டும்.

பேயின் நிழல் பெரிதாகும்போது சேறுபோலக் கலங்கிவிடுகிறது. ஏன்?

ஒளிமூலம் பெரிதாக இருப்பதால். பாவை திரையை ஒட்டியிருந்தால் எந்த விளக்கிலும் நிழல் கூர்மையாக விழும். விளக்கை நோக்கி நகர்த்த நகர்த்த நிழல் பெரிதாகும், விளிம்பும் மங்கும். விளக்கு 60 செ.மீ. தொலைவில் இருக்க, பாவையை நடுவில், 30 செ.மீ.இல் பிடித்தால் நிழல் இரண்டு மடங்காகும். விளிம்பின் கலக்கம் அந்த இடத்தில் ஒளிமூலத்தின் அகலத்துக்குச் சமம். பால்வெள்ளை எல்இடி குமிழ் 6 செ.மீ. அகலம் என்றால் கலக்கமும் 6 செ.மீ., பேய்க்கு விரலே இருக்காது. ஒளிரும் பகுதி 1 செ.மீ. மட்டுமே உள்ள தெளிகண்ணாடி விளக்கென்றால் கலக்கம் 1 செ.மீ., விரல்கள் எண்ணுமளவுக்குத் தெரியும். எல்இடி பட்டையை ஒட்டாதீர்கள். ஒவ்வொரு புள்ளியும் ஒரு நிழல் போடும், ஒரு பேய்க்குப் பத்துப் பேய் நிற்கும்.

இதே கணக்கு ஒரு நல்ல உத்தியையும் தருகிறது. மனிதப் பாவைகளைத் திரையோடு ஒட்டி நட்டுவையுங்கள். பேயை மட்டும் பாதித் தூரத்தில் பிடியுங்கள். இப்போது விளக்கைக் கயிற்றில் மெல்ல 5 செ.மீ. ஆட்டினால் பேயின் நிழல் எதிர்ப்பக்கம் 5 செ.மீ. நகரும். மனிதர்கள் அசையாமல் நிற்பார்கள். ஒரே விளக்கில், ஒரே திரையில், பேய் மட்டும் காற்றில் மிதக்கும். ஒரு காட்சியில் ஒருமுறைதான் செய்ய வேண்டும். இரண்டாம் முறை ஆட்டினால் பார்வையாளர் விளக்கைத்தான் பார்ப்பார்கள்.

பெனங்காலான் பாவையை எப்படிச் செய்வது?

இரண்டு துண்டாக. உடல் ஒன்று, தலையும் குடலும் ஒன்று.

உடல் 35 செ.மீ. உயரம், உட்கார்ந்த நிலை, பக்கவாட்டுத் தோற்றம். கழுத்துப்பட்டியை அகலமாக வெட்டுங்கள். தலை 10 முதல் 12 செ.மீ. கழுத்தை 2 செ.மீ. கூடுதலாக விட்டு, அது உடலின் கழுத்துப்பட்டிக்குப் பின்னால் மறைந்து நிற்கும்படி செய்யுங்கள். இரண்டும் திரையை ஒட்டியிருக்கும்வரை ஒரே உருவமாகத் தெரியும்.

தலையின் கைப்பிடிதான் சிக்கல். மரபில் பிளந்த மூங்கிலுக்கு நடுவே தோலைச் செருகிக் கட்டுவார்கள். அந்தத் தடிமன் இங்கே சரிப்படாது, தலை எழும்பியதும் கீழே கம்பம் நட்டதுபோல் தெரியும். 3 மி.மீ. கம்பியைப் பயன்படுத்தி, அது குடலின் நடுவே இறங்கும்படி செய்தால் குடலே கம்பியை மறைத்துவிடும்.

குடலுக்கு மெல்லிய ஆட்டுத்தோல் அல்லது ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் தாளில் 5 கீற்றுகள், 3 முதல் 5 மி.மீ. அகலம். நீளம் ஒரே அளவாக இருக்கக்கூடாது. 18, 20, 22, 25 செ.மீ. என்று மாற்றி வெட்டுங்கள். ஒரே நீளத்தில் வெட்டினால் துடைப்பம்போல் இருக்கும். ஒவ்வொரு நுனியிலும் ஒரு சிறு பாசிமணி கட்டுங்கள். அந்த எடையால் தலை நகர்ந்தபின் குடல் ஒரு கணம் தாமதித்து வரும். உயிர் இருப்பதாகத் தோன்ற வைப்பது அந்தத் தாமதம்தான். கீற்றுகளைக் கம்பியில் கட்டாமல், தலைக்குக் கீழே 3 செ.மீ. குறுக்குச்சட்டம் வைத்து அதில் இடைவெளி விட்டுக் கட்டுங்கள். கம்பியில் கட்டினால் முதல் திருப்பத்திலேயே சுற்றிக்கொள்ளும். மழைநாளில் தோல் கீற்று ஈரம் இழுத்துச் சுருளும். ஆடுமுன் விளக்கருகே ஐந்து நிமிடம் தொங்கவிட்டால் நேராகிவிடும்.

நிறத்துக்கு ஒளி ஊடுருவும் மை அல்லது சாயம்தான். போஸ்டர் வண்ணம் எத்தனை சிவப்பாக இருந்தாலும் திரையில் கறுப்பாகத்தான் விழும்.

குடல் சுருங்குவதற்கு நூல் இழுக்கும் அமைப்பெல்லாம் வேண்டாம், இருட்டில் நூல் அறும். காடிப்பானைக்கு 15 செ.மீ. அகலத்தில், ஒளி புகாத பாவை ஒன்று செய்யுங்கள். தலை பானைக்குப் பின்னால் இறங்கட்டும், குட்டைக் குடல் வைத்த இரண்டாவது தலை மேலே வரட்டும்.

தோல் கிடைக்கவில்லை. அட்டையில் செய்யலாமா?

செய்யலாம். 300 ஜிஎஸ்எம் அட்டை ஒளியை விடாது, ஆகவே கறுப்பு உருவங்களுக்கு மட்டும். உடலெங்கும் எண்ணெய் பூசிய கறுத்த ஆவியான ஓராங் மின்யாக்குக்கு இதுவே பொருத்தம். நிறம் வேண்டிய பாவைக்குப் பாலிபுரொப்பிலீன் தாள். ஆனால் மாட்டுத்தோலின் தேன்நிற ஒளியை எந்தப் பிளாஸ்டிக்கும் தராது. மனிதப் பாவைகளையாவது தோலில் செய்தால் பேய்க்கும் மனிதருக்கும் பொருளிலேயே வேறுபாடு தெரியும்.

வாழைமரத் துண்டு கட்டாயமா?

பாவைகளை நட்டுவைக்க அதைவிட நல்லது இல்லை. கம்பியை எங்கே குத்தினாலும் பிடித்துக்கொள்ளும், பிடுங்கினால் விட்டுவிடும். தார் வெட்டிய மரத்தில் 15 முதல் 20 செ.மீ. பருமனுள்ள துண்டை அன்றைக்கே வெட்டி வாருங்கள். மூன்றாம் நாள் நெகிழ்ந்து பாவை சாயும். வாழைச்சாறு துணியில் பட்டால் கறை போகாது, எனவே துண்டுக்கும் திரைக்கும் நடுவே ஒரு பலகைப் பட்டி வைத்துவிடுங்கள்.

மலாய்க் கிராமத்து நம்பிக்கையில் பொந்தியானாக் குடியிருப்பது வாழைமரத்தில். பாவைகளெல்லாம் அந்த மரத்தில்தான் நடப்பட்டு நிற்கின்றன. பார்வையாளருக்கு இதைச் சொல்ல வேண்டியதில்லை. கிளந்தான்காரர் யாராவது வந்திருந்தால் தானே புரிந்துகொள்வார்.

இசை எப்படி? முழுக் குழு இல்லாமல் முடியுமா?

முழுக் குழுவில் செருனாய் என்ற ஊதுகருவி, கெண்டாங், கெடும்பாக், கெடோக் என்ற மூவகை முழவுகள் பெரிதும் சிறிதுமாக இணையிணையாக, தொங்கும் தெதாவாக் மணிகள் (சேகண்டி வகை), சிறிய சானாங், கெசி என்ற கைத்தாளம் இருக்கும். குறைந்தது ஒரு கெண்டாங், ஒரு தொங்குமணி, ஒரு கெசி வேண்டும். செருனாய் இல்லையென்றால் பதிவு செய்ததைப் போடாதீர்கள். பாவையின் அசைவுக்கு அது காத்திருக்காது.

பேய் வரும்போது முழவை உரக்க அடிப்பதுதான் வழக்கமான பிழை. பொந்தியானாக்கின் அழுகை உரக்கக் கேட்டால் அவள் தூரத்தில் இருக்கிறாள், மெல்லக் கேட்டால் பக்கத்தில் வந்துவிட்டாள் என்பது மலாய் நம்பிக்கை. அதை அப்படியே இசையாக்குங்கள். அழுகையை உரக்கத் தொடங்கிப் படிப்படியாகக் குறையுங்கள். முழவு நிற்கட்டும், தொங்குமணி நிற்கட்டும், கெசியின் விளிம்பு உரசும் ஒலி மட்டும் மிஞ்சட்டும். அந்த நேரத்தில் நிழல் பெரிதாகட்டும். குரல் சிறுக்க உருவம் பெருக்கும் முரண் பார்வையாளரின் முதுகில் ஏறும்.

பாக் டோகோலையும் வாக் லோங்கையும் பேய்க்கதையில் சேர்க்கலாமா?

சேர்க்க வேண்டும். இவர்கள் அசையும் தாடையோடு வரும் விதூஷகர்கள், கிளந்தான் கிராமத்துப் பேச்சில் பேசுபவர்கள். ஆனால் பாக் டோகோல் வெறும் கோமாளி இல்லை. வானுலகிலிருந்து இறங்கி வந்த தேவன் என்பது மரபு. வாக் லோங்கை அவர் தன் உடம்பழுக்கிலிருந்து படைத்தார் என்பார்கள். பாக் டோகோலைப் பேய் பார்த்து அலறி ஓட வைக்காதீர்கள். பயப்படும் வேலையை வாக் லோங்குக்குக் கொடுங்கள். பேயின் விதி என்ன என்று பார்வையாளருக்குச் சொல்லும் வேலை பாக் டோகோலுடையது.

40 நிமிடக் காட்சியை எப்படிப் பிரிப்பது?

பெனங்காலான் கதையையே எடுத்துக்கொள்வோம். முதல் 4 நிமிடம் ‘பெர்தாபோ’ எனப்படும் தொடக்க இசை. திரையில் போகோன் பெரிங்கின் என்ற ஆலமர உருவம் நடுங்கி எழுந்து விலகும். இதை விட்டுவிடாதீர்கள், கண் நிழலுக்குப் பழக இந்த நேரம் வேண்டும். அடுத்த 10 நிமிடம் ஊர், சூலி, அவளைப் பார்த்துக்கொள்ளும் மருத்துவச்சி. மருத்துவச்சிதான் பெனங்காலான், ஆனால் இப்போது நல்லவளாகவே தெரிய வேண்டும், அவள் வீட்டில் ஏதோ புளித்த வாடை என்று வாக் லோங் ஒருமுறை மட்டும் சொல்லட்டும். பிறகு 8 நிமிடம் இரவு. தலை கழல்வதை ஒரே ஒருமுறை, திரையை ஒட்டி, கூர்மையாகக் காட்டுங்கள். அதன்பின் அது வீட்டைச் சுற்றும்போதெல்லாம் மங்கலாகவே இருக்கட்டும்.

வீட்டைச் சுற்றி ஜெருஜு முள் கட்டும் காட்சி 6 நிமிடம். கழிமுகச் சேற்றில் வளரும் முள்ளிச்செடி அது, நம் ஊரில் கழுதைமுள்ளி. முள்பாவையின் விளிம்பில் இரண்டு மூன்று சிறு கொக்கிகளை உண்மையாகவே வையுங்கள், கீற்று அதில் மாட்டி இழுபடட்டும். ஒத்திகையில் மாட்டாத கொக்கி காட்சியிலும் மாட்டாது. ஆகவே இருபது முறையாவது பயிற்சி வேண்டும்.

மிச்சம் 12 நிமிடம் மருத்துவச்சியின் உடல் கிடக்கும் வீட்டில். உடலைக் கண்டவர்கள் அதைத் திருப்பிப் போட்டுவிட்டால், விடியுமுன் அவசரத்தில் வரும் தலை பின்பக்கமாகப் பொருந்திக்கொள்ளும் என்று பரவலாகச் சொல்வார்கள். வாயாங் பாவைகள் எல்லாமே பக்கவாட்டுத் தோற்றம். எனவே உடல் வலப்பக்கமும் முகம் இடப்பக்கமும் பார்க்கும் ஓர் உருவம் திரையில் நின்றாலே போதும், வசனமே வேண்டாம். மருத்துவச்சி காலையில் அப்படி எழுந்து நிற்பதைப் பத்து விநாடி அசையாமல் வைத்திருங்கள்.

பேறுகால மரணம் நெருங்கி நின்ற காலத்து அச்சம் இந்தக் கதைக்குள் இருக்கிறது. முள்கட்டும் காட்சியில் சூலியின் குரலையும் கேட்க வையுங்கள். அவள் பேசாத பாவையாக இருந்தால் கதை வெறும் பூச்சாண்டியாகிவிடும்.

தொடக்கச் சடங்கையும் மந்திரத்தையும் அப்படியே செய்யலாமா?

வேண்டாம். மரபில் ‘புக்கா பாங்கோங்’ என்ற மேடைதிறப்பில் மஞ்சளரிசி, பொரி, வெற்றிலைபாக்கு, சாம்பிராணி வைத்து, மண்ணின் ஆவிகளிடம் தொந்தரவு செய்யாதிருக்கக் கேட்டுக்கொள்வார்கள். செய்பவருக்கு அது வேண்டுதல், காட்சிப்பொருள் அல்ல. குருவிடம் முறையாகக் கற்காதவர் அதை ஓதுவது மரபறிந்தவர்களைப் புண்படுத்தும். சமயக் காரணங்களாலும் இது நுண்ணிய விஷயம். 1990-களில் கிளந்தான் மாநில அரசு வாயாங் கூலிட்டுக்குத் தடை விதித்தது, ஆவி வழிபாட்டுக் கூறுகள் அதற்கு ஒரு முக்கியக் காரணம். அந்த ஆண்டுகளில் பல குழுக்கள் கலைந்தன. இசையோடும் ஆலமர உருவத்தோடும் தொடங்குங்கள், குருமார்களுக்கு உங்கள் சொல்லில் வணக்கம் சொல்லுங்கள்.

தமிழில் ஆடலாமா?

தாராளமாக. உரையாடல் தமிழில், பேய்ப் பெயர்களும் கருவிப் பெயர்களும் மலாயில். பாக் டோகோலை ‘பாக்’ என்றே விளியுங்கள், ‘ஐயா’ ஆக்க வேண்டாம். நம் தோற்பாவைக் கூத்தின் உச்சிக்குடும்பனையும் உளுவத்தலையனையும் அந்த இடத்தில் வைக்கத் தோன்றும். அவர்களுக்கு வேறு ஊர், வேறு வேலை.

எத்தனை வயதுக் குழந்தைகள் பார்க்கலாம்?

தொயோல் கதையை 6 வயது முதல். பெனங்காலானுக்கு 12 வயதாவது ஆகட்டும். காட்சி முடிந்ததும் சிறுவர்களைத் திரைக்குப் பின்னால் கூட்டிவந்து, பாவையைக் கையில் கொடுத்து விளக்கை நோக்கி நகர்த்திப் பார்க்கச் சொல்லுங்கள்.

பாவைகளை எப்படிப் பாதுகாப்பது?

படுக்கையாக, இரண்டு பாவைகளுக்கு நடுவே ஒரு பருத்தித்துணி. பிளாஸ்டிக் பையில் மூடினால் பூசணம் பிடிக்கும். பாவைகளின் அடுக்கில் பாக் டோகோல் எப்போதும் மேலே இருக்க வேண்டும், அவர்மேல் எதையும் அடுக்கக்கூடாது. பெனங்காலானின் குடலை மட்டும் படுக்கவைக்காதீர்கள். மணிகள் பக்கத்துப் பாவையில் குழி விழுத்தும், கீற்றும் மடிப்பு விழுந்து அடுத்த காட்சியில் நேராகத் தொங்காது. அதை ஆணியில் தனியாக மாட்டிவையுங்கள்.